காப்பு நகலுக்கும் மூலத்துக்கும் எவ்வளவு தூரம்?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த நாலாம் நாள், வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் அலுவலகம் வைத்திருந்த, தெரிந்த ஆடிட்டர் ஒருவருக்குக் கைகொடுக்கப் போயிருந்தேன். சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஃபைல்கள் ஊறிக் கட்டுக் கட்டாக ஒட்டிக் கிடந்தன. சர்வரைச் சாய்த்தபோது உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. "பேக்கப் இருக்கா சார்?" என்று கேட்டேன். இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்குத் தவறாமல் எடுத்திருக்கிறார்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் மேல் 'பேக்கப்' என்று எழுதி ஒட்டிய ஸ்டிக்கர்கூட அழியவில்லை. ஆனால் அந்த டிஸ்க் சர்வரின் தலைமேல் இருந்தது. சர்வர் மூழ்கிய தண்ணீரில்தான் அதுவும் மூழ்கிக் கிடந்தது.

அவரிடம் சோம்பலும் இல்லை, அசட்டையும் இல்லை. நகலை மூலத்திலிருந்து தள்ளி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதன்பின் இந்தப் பத்தாண்டில் பெரிய பெரிய அமைப்புகளின் தரவு இழப்புகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த ஸ்டிக்கர் என் கண்முன் வந்து நிற்கிறது. நான் படித்தவற்றில் நகலே எடுக்காமல் கெட்டவர்கள் சிலர்தான். எடுத்த நகல் மூலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் கெட்டவர்களே பலர். ஒட்டிக்கொண்டிருப்பது என்றால் ஒரே கட்டடத்தில் இருப்பது ஒரு வகை. ஒரே கடவுச்சொல்லில் திறப்பது, ஒரே நிறுவனத்தின் பில்லில் வருவது, ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்திருப்பது, இவையும் அதே வகையறாதான்.

கட்டடத்திலிருந்து தொடங்கலாம். தென்கொரியாவின் டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் பெரிய டேட்டா சென்டர் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 இரவு அங்கே மின்தடைக்கான லித்தியம் பேட்டரிகளைச் சர்வர்களிடமிருந்து பிரித்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தீ ஆபத்தைக் குறைப்பதற்காகச் செய்த வேலை அது. அந்த வேலையிலேயே தீப்பிடித்தது. அணைக்க ஏறக்குறைய 22 மணி நேரம் ஆயிற்று. 647 அரசுச் சேவைகள் நின்றுபோயின என்று முதலில் சொன்னார்கள். பிறகு எண்ணிப் பார்த்து 709 என்று திருத்தினார்கள். 96 அமைப்புகள் நேரடியாகவே எரிந்தன.

எரிந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறிடத்தில் ஏதோ ஒரு நகல் இருந்தது. ஒன்றுக்கு இல்லை: அரசு ஊழியர்கள் தங்கள் அன்றாட வேலைக் கோப்புகளைப் போட்டுவைத்த 'ஜி-டிரைவ்'. அதிலிருந்த 858 டெராபைட்டும் போயிற்று. கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், இதிலேயே சேமியுங்கள் என்று ஊழியர்களுக்கு 2018 முதல் அறிவுறுத்தப்பட்டிருந்தது. சொன்னபடி கேட்டவருக்கே நட்டம் அதிகம். ஏன் வெளியே நகல் வைக்கவில்லை என்றதற்கு, கொள்ளளவு மிகப் பெரியது, அமைப்பு அதற்கேற்றதில்லை என்று அதிகாரிகள் விளக்கினார்கள். இந்த விளக்கத்தை என்னால் விழுங்க முடியவில்லை. 858 டெராபைட் என்பது கடையில் கிடைக்கும் 20 டெராபைட் டிஸ்க்கில் 43. பாதுகாப்புக்காக இரட்டிப்பாக்கினாலும் ஒரு பீரோவுக்குள் அடங்கிவிடும். டிஸ்க் வாங்கப் பணமில்லாத அரசும் அல்ல. அன்றாட வேலைக் கோப்புகளுக்கு அவ்வளவு மதிப்பில்லை என்று எங்கோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இல்லையென்றால், அப்படி ஒரு முடிவை யாருமே எடுக்காமல் அது தானாக நடந்திருக்கிறது. இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இது அவர்களுக்குப் புதிய பாடமும் இல்லை. மூன்றாண்டுக்கு முன், 2022 அக்டோபர் 15 அன்று, பங்யோவில் ஒரு டேட்டா சென்டர் எரிந்து, நாடே பயன்படுத்தும் ககாவ் செயலி முழுமையாக மீள 127 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன் இணைத் தலைமை நிர்வாகி ஒருவர் பதவி விலகினார். அங்கும் பேட்டரி அறையில் தொடங்கிய தீதான்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 2021 மார்ச் 10 நள்ளிரவுக்குப் பின் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து தரைமட்டமானது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. பேரிடர் மீட்புத் திட்டத்தைத் தொடங்கிவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு நிறுவனரே ட்விட்டரில் அறிவித்தார். அப்படி ஒன்று தங்களிடம் இருக்க வேண்டும் என்பதையே அன்றைக்குத்தான் அறிந்தவர்கள் உண்டு. அதைவிடப் பரிதாபம், தனிக் கட்டணம் கட்டிக் காப்பு நகல் சேவை வாங்கியிருந்த சிலருடையது. நகலும் எரிந்த கட்டடத்திலேயே இருந்திருக்கிறது. அவர்களில் ஒரு நிறுவனம் வழக்குப் போட, லில் நகர வணிக நீதிமன்றம் 2023-இல் முதல் சுற்றுத் தீர்ப்பாக ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் கிடைக்கலாம். கோப்பு கிடைக்காது.

கிளவுடில் இருக்கிறது என்ற சொல்லுக்கு நம் அலுவலகங்களில் ஏதோ ஆகாயத்தில் பத்திரமாக இருக்கிறது என்று பொருள் ஏறிவிட்டது. கிளவுட் என்பதும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தெருவில், பேட்டரியோடும் ஒயரோடும் நிற்கும் ஒரு கட்டடம்தான். எந்த ஊர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள ஒரு மின்னஞ்சல் போதும். கேட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இடத்தை விலக்கிவிட்டால் போதும் என்று நினைத்தவர்களை மெர்ஸ்க் கதை உலுக்கியது. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று அது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் புழங்கும் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற நாச நிரல், மெர்ஸ்க்கின் கணினிகளை உலகெங்கும் சில மணி நேரத்தில் முடக்கியது. யார் எதில் நுழையலாம் என்று தீர்மானிக்கும் மைய சர்வர்கள் அந்த நிறுவனத்துக்குச் சுமார் 150 இருந்தன. நாட்டுக்கு நாடு சிதறியிருந்தன. ஒன்று போனால் மற்றவற்றிலிருந்து மீட்கலாம் என்பது ஏற்பாடு. தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் எல்லாமே ஒரே வேளையில் போயின. எல்லாம் சேர்ந்து போனால் என்ன செய்வது என்பது திட்டத்தில் இல்லை.

ஒன்று மட்டும் பிழைத்தது, கானா நாட்டில். தாக்குதலுக்கு முன்பே அங்கே கரண்ட் போயிருந்ததால் அந்த சர்வர் இணைப்பில் இல்லை. அங்கிருந்து தரவை இணையத்தில் அனுப்பலாம் என்றால் வேகம் போதவில்லை. ஆளை விமானத்தில் ஏற்றலாம் என்றால் கானா ஊழியர் எவரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியா வரை கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுக்க, ஹார்ட் டிஸ்க் லண்டன் வந்து சேர்ந்தது. 4,000 சர்வர், 45,000 கணினி, 2,500 மென்பொருள் எல்லாவற்றையும் பத்து நாளில் திரும்ப நிறுவினார்கள். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. நம்மூர் மின்வாரியத்தைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கானா மின்தடை ஞாபகம் வரும்.

உடனுக்குடன் ஒத்தியங்குவதும் காப்பு நகலும் வேறு வேறு. இந்தக் குழப்பம் சிறிய அலுவலகங்களில் இன்னும் ஆழமாக வேரோடியிருக்கிறது. கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ ஃபோல்டரை இணைத்துவிட்டு, பேக்கப் ஆகிறது என்கிறார்கள். கணினியில் தவறி அழித்தால் அங்கும் அழியும். கோப்பு பூட்டப்பட்டால் பூட்டப்பட்டதே அங்கும் போய்ச் சேரும். பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும் வசதி இருக்கிறது, உண்மைதான். எத்தனை நாள் என்று பார்த்து வைத்திருப்பவர் யார்? இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு ஏற்பாடும் அப்படித்தான். ஒரு டிஸ்க் பழுதானால் அது காக்கும். தவறான கட்டளை கொடுத்தால் இரண்டிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்.

அடுத்தது சாவி. கோட் ஸ்பேசஸ் என்றொரு நிறுவனம் மென்பொருளாளர்களின் நிரல்களைப் பாதுகாத்து வைக்கும் தொழில் செய்துவந்தது. 2014 ஜூனில் ஒருவன் அதன் அமேசான் கிளவுட் கணக்கின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து பணம் கேட்டான். அவர்கள் கடவுச்சொல்லை மாற்ற முயன்றதும் கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தான். காப்பு நகல்களும் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருந்தன. நிறுவனத்தையே இழுத்து மூட வேண்டியதாயிற்று. பாதுகாத்துத் தருவதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கு இந்த நிலை.

இலங்கையில் நடந்ததை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா அரசு கிளவுட், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. நேரடி அமைப்போடு இணைப்பிலேயே இருந்த காப்பு நகலும் சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்பைத் துண்டித்துத் தனியே வைத்த நகல் அந்தக் காலத்துக்கு இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை, மூன்று மாதத்துக்கும் மேலான அரசு மின்னஞ்சல்கள் தொலைந்தன. அமைச்சரவை அலுவலகம் உள்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான பழைய பதிப்பு. நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த காலம் என்பதை மறந்துவிட்டுக் குறை சொல்லக்கூடாது. ஆனால் இணைப்பைத் துண்டித்து ஒரு டிஸ்க்கைப் பெட்டியில் பூட்டி வைப்பதுதான் இருக்கும் வழிகளிலேயே செலவு குறைந்தது.

டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனம் அதே மாதம், எட்டு நாள் முன்னதாக, சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. சில சர்வர்களுக்குள் ஏற்கனவே கிருமி புகுந்திருந்தது யாருக்கும் தெரியாது. மாற்றும் வசதிக்காக எல்லாவற்றையும் உள் வலையில் இணைத்தபோது நிர்வாக அமைப்பும் காப்பு நகல் அமைப்பும் ஒருசேரச் சிக்கின. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவை மீட்க முடியாது என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. வீடு மாற்றும் நாளில்தான் நகைப்பெட்டி தொலையும்.

இந்தத் தாக்குதல்கள் தொடர்ந்ததால் தொழில் கொஞ்சம் பின்னோக்கி நடந்தது. பழசு என்று ஒதுக்கிய காந்த நாடா டேப் மறுபடி மதிப்புப் பெற்றது. அலமாரியில் கிடக்கும் டேப்பை எந்த ஹேக்கராலும் எட்டித் தொட முடியாது. கிளவுடிலும், எழுதிவிட்டால் குறித்த காலம் முடியும்வரை நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாத சேமிப்பு வகை வந்திருக்கிறது. நிர்வாகியின் கையையே கட்டிப்போடும் ஏற்பாடு அது. நிர்வாகியின் பெயரில் இன்னொருவன் வருவான் என்ற அனுபவம்தான் அதை உருவாக்கியது.

சாவியைக் கெட்டவன் எடுத்தால்தான் ஆபத்து என்பதுமில்லை. 2024 மேயில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் தனிக் கிளவுட் கணக்கைக் கூகுளே அழித்துவிட்டது. அமைத்தபோது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் ஓராண்டுக் கெடு தானாகவே விழுந்திருக்கிறது. கெடு முடிந்ததும் கணக்கு போயிற்று. இரண்டு இடங்களில் நகல் இருந்தது, ஆனால் இரண்டும் ஒரே கணக்கின் கீழ். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் தனியாக நகல் வைத்திருந்தார்கள். மீட்டெழ அது பெரிதும் கைகொடுத்தது. இந்த வரிசையில் எனக்கு மரியாதை வருவது இவர்கள்மீதுதான்.

நகலைத் தள்ளி வைத்தால் மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். ஏட்டுச் சுவடிக் காலத்தில் நகல் எடுப்பவர் ஒருவர், ஒப்புநோக்குபவர் இன்னொருவர். பெயர்த்தெழுதி முடித்ததும் ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் நகலைப் பார்த்துத் திருத்துவார். அது முடியும்வரை நகலுக்கு நகல் என்ற தகுதி இல்லை. ஓலை செல்லரித்துப் போகும், பெயர்த்தெழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெரிந்த சமூகத்துக்கு, பெயர்த்தெழுதியதில் பிழை விழும் என்பதும் தெரிந்திருந்தது. கணினி வந்தபின் முதல் பாதியை இயந்திரத்திடம் ஒப்படைத்தோம். இரண்டாம் பாதியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த அழிப்புக் கட்டளை ஒன்று படத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கியது. பாத்திரங்கள் கண்ணெதிரே மறைவதைப் பார்த்து சர்வரையே பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போயிருந்தது. சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், அது ஒழுங்காக வேலை செய்து சுமார் ஒரு மாதம் ஆகியிருந்தது. தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன் குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ஒரு நகலை அவ்வப்போது வீட்டுக் கணினியில் இறக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து ஓட்டிவந்தார்கள். அப்படிக் காப்பாற்றிய படத்தைக் கதை சரியில்லை என்று பிறகு பெரும்பாலும் திரும்ப எடுத்தார்கள் என்பது வேறு கதை.

இதைப் பெண் ஒருத்தியின் மகப்பேறு விடுப்பு படத்தைக் காத்தது என்று இனிமையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் இனிமை தெரியவில்லை. ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த பேக்கப்பை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை.

இதன் இன்னும் விரிவான, இன்னும் நேர்மையான பதிவு, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தினுடையது. 2017 ஜனவரி 31 இரவு, தரவுத்தளத்தின் துணை சர்வர் மூலத்தோடு ஒத்தியங்கவில்லை என்று ஒரு பொறியாளர் நெடுநேரம் போராடிக்கொண்டிருந்தார். துணை சர்வரில் கொடுப்பதாக நினைத்து அழிப்புக் கட்டளையை மூல சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிச்சம்.

பிறகு ஒவ்வொரு காப்பாகத் திறந்தார்கள். தினசரி நகல் போய்ச் சேர வேண்டிய சேமிப்பகம் காலி. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகல் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, இரண்டும் ஒத்துப்போகாமல் நாள்தோறும் நின்றிருக்கிறது. நின்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் புறப்பட்டிருக்கிறது. அனுப்புநர் சான்று சரியில்லை என்று பெறும் சர்வர் அதைத் தள்ளிவிட்டது. டிஸ்க்கை அப்படியே படமெடுக்கும் வசதியைத் தரவுத்தள சர்வர்களுக்கு மட்டும் இயக்கவே இல்லை. துணை சர்வர் ஏற்கனவே காலி. ஆக ஐந்து வழி ஏற்பாடு செய்திருந்தும் ஒன்றும் நம்பும்படி இல்லை. சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு நகல்தான் காத்தது. மெதுவான டிஸ்க்கிலிருந்து அதைத் திரும்ப ஏற்றவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் தொலைந்தன. அந்தப் பொறியாளரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அந்த அறிக்கை அவ்வளவு வெளிப்படையாக வந்திருக்காது.

நகல் எடுக்கும் கருவியே கொலையாளியான சம்பவமும் உண்டு. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில், காப்பு நகல் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை மேலே எழுதிவிட்டார்கள். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடிய நிரல், பழைய பதிவுக் குறிப்புகளை அழிப்பதற்குப் பதிலாக ஆய்வுக் கோப்புகளை அழித்தது. 77 டெராபைட், மூன்றேகால் கோடிக்கு மேல் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். நான்கு குழுக்களுக்கு மீட்க வழியே இல்லை.

கெடுதல் நடந்த நாளும் அது தெரியவரும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. ரான்சம்வேர் வாரக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்துவிட்டு வெளியே வரும். பிழையான பதிவு மார்ச் மாத இறுதிக் கணக்கில்தான் கண்ணில் படும். அப்போது நேற்றைய நகல் உதவாது, பழைய நகல் வேண்டும். பழைய கணக்கு மென்பொருளான டேலி ஈஆர்பி 9-இல் பேக்கப் எப்போதும் 'டிபிகே900' என்று தொடங்கும் ஒரே பெயரில்தான் விழும். தினமும் ஒரே ஃபோல்டரைக் காட்டினால் நேற்றையதன் மேல் இன்றையது ஏறிவிடும். பத்து வருடம் பேக்கப் எடுத்தவரிடம் ஒரே ஒரு நாளின் நகல்தான் இருக்கும். டேப் காலத்து ஆட்கள் இதற்குத் தாத்தா, அப்பா, மகன் என்று முறை வைத்திருந்தார்கள். நாள் நகல் மகன், வார நகல் அப்பா, மாத நகல் தாத்தா. மகனைத்தான் அடிக்கடி மாற்றுவார்கள், தாத்தாவை லேசில் தொடமாட்டார்கள்.

நகல் நல்லபடியாக இருந்தால் வேலை முடிந்ததா? பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபர் இறுதியில் தாக்கப்பட்டது. பணம் கொடுக்க மறுத்தார்கள். திருடர்கள் சுமார் 600 ஜிபி தரவை வெளியே கொட்டினார்கள். மின்மயமாக்கிய சேகரங்களின் நகல் பத்திரமாகவே இருந்தது. அதைத் திரும்ப ஏற்ற சர்வர் இல்லை. இருந்தவற்றை அழித்துவிட்டார்கள். பழைய மென்பொருள் பலவற்றைத் திரும்ப நிறுவ முடியவில்லை, தயாரித்தவர்களின் ஆதரவே நின்றுபோயிருந்தது. நகல் கைவசம் இருந்தும் நூலகம் மாதக்கணக்கில் நொண்டியது. 2024 மார்ச்சில் அவர்களே வெளியிட்ட அறிக்கை, எந்த நிர்வாகியும் ஒரு மாலை செலவிட்டுப் படிக்கத் தகுந்தது.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தொற்றாமல் இருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தரவை மீட்டார்கள். ஆனாலும் இரண்டு வாரம் போல, வெளிநோயாளர் பதிவிலிருந்து ஆய்வக முடிவுகள் வரை காகிதத்தில்தான் ஓடியது.

ஆக, கேள்வி இரண்டு. எவ்வளவு நேரத்து வேலை தொலைந்தால் தாங்குவோம்? எவ்வளவு நேரம் கடை மூடியிருந்தால் தாங்குவோம்? முதலாவது எத்தனை முறை நகல் எடுப்பது என்பதைச் சொல்லும். இரண்டாவது எங்கே, எதில் வைப்பது என்பதைச் சொல்லும். இரண்டாவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 10 டெராபைட்டைக் கிளவுடில் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதைத் திரும்ப இறக்க, ஒரு விநாடிகூடத் தடைபடாமல் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஏற்றும்போது இது தெரியாது, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினோம். தூரத்துக்கு இப்படியொரு விலை உண்டு. அதனால்தான் அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று என்று இரண்டும் வேண்டியிருக்கிறது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். தொலைந்துபோன படத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்ற பயத்திலிருந்து வந்த விதி அது. ரான்சம்வேர் வந்தபின் அதில் இன்னும் ஒரு ஒன்றும் ஒரு பூஜ்யமும் சேர்ந்தன: இணைப்பில் இல்லாத ஒரு பிரதி, மீட்டுப் பார்த்ததில் பூஜ்யம் பிழை.

சட்டத்திலும் இந்த எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிறது. மின்வடிவில் கணக்கு வைக்கும் இந்திய நிறுவனங்கள் இந்தியாவிலுள்ள சர்வரில் நகல் வைக்க வேண்டும் என்ற விதியில், 'அவ்வப்போது' என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் 'தினசரி' என்று மாற்றினார்கள். எடுத்ததை மீட்டுப் பார்த்தாயா என்று அந்த விதி கேட்கவில்லை.

கேட்கும் விதி பங்குச் சந்தையில் இருக்கிறது. பேரிடர் மீட்பு மையம் வேறு நிலநடுக்க மண்டலத்தில், அது இயலாவிட்டால் 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்கிறது பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி. மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தைக்கு அந்த மையம் சென்னையில். 2021 பிப்ரவரி 24 காலை 11.40-க்கு மும்பையில் தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்து, சேமிப்பக அமைப்பும் தடுமாறி, வணிகம் நின்றது. சென்னையில் அத்தனையும் தயாராக நின்றன. ஆனாலும் அங்கே மாறவில்லை. மாலை 3.45-க்கு மும்பையிலிருந்தே திரும்பத் தொடங்கி ஐந்து மணி வரை நடத்தினார்கள்.

இதை இயந்திரக் கோளாறு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். நான் அதில் மனிதரைப் பார்க்கிறேன். இதோ சரியாகிவிடும், இன்னும் பத்து நிமிடம் என்று எல்லா அலுவலகங்களிலும் ஒரு குரல் சொல்லும். பேரிடர் என்று வாய்விட்டுச் சொல்பவர்தான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும், காத்திருந்தவரை யாரும் கேட்கமாட்டார்கள். செபி அடுத்த மாதமே கடிகாரத்தைக் கையில் எடுத்தது: 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவி, அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் இயங்கு. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, விடுமுறை நாளில் சந்தையைத் திறந்து நிஜப் பணத்தோடு ஒத்திகை பார்த்தார்கள். 9.15 முதல் 10 வரை வழக்கமான மையத்தில், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்தில். மே 18 அன்று இன்னொரு முறை. சனிக்கிழமை போய்விட்டதே என்று தரகர்கள் முணுமுணுத்திருக்கலாம். நான் அந்த ஒரு மணி நேரத்தை மற்ற எல்லாச் சுற்றறிக்கைகளையும்விட மேலாக மதிக்கிறேன்.

வேளச்சேரி ஆடிட்டர் இப்போது மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார். இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார். ஒன்று அலுவலகத்தில், ஒன்று தினமும் அவருடைய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் தாம்பரத்து வீடு வரை பயணம் செய்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மாற்றிக்கொள்வார்கள். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, ரீஸ்டோர் பண்ணிப் பார்த்திருக்கீங்களா சார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, மகளின் லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகினார். எல்லா ஃபோல்டரும் தேதி வாரியாக இருந்தன. நேற்றையதைத் திறந்தார். டேலி வால்ட் கடவுச்சொல் கேட்டது. ஒன்று போட்டார், இன்னொன்று போட்டார், பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"அந்த பாஸ்வேர்ட் நோட்டு எங்கம்மா இருக்கு?"

"இங்கதான் சார், சர்வர் ரேக்குக்குக் கீழே டிராயர்ல."